கண் மங்கிய பிறகு காசுக்குப் புத்தகம் எழுதிய வால்டர் எலியட்!

எங்க ஆச்சி வீடு தென்காசி பெரிய கோயிலுக்குப் பின்னால் இருந்தது. நான் பத்தாவது படிக்கும்போது, ஆச்சியோட வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன செப்புக்காசு கிடைச்சுது. கறுத்துப்போய், பச்சை படிஞ்சு, என்ன உருவம்னே தெரியல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஆச்சி குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரியே, புளியும் சாம்பலும் போட்டு அரை மணி நேரம் தேய்ச்சேன். காசு பளபளன்னு ஆயிடுச்சு. முன்பக்கம் ரெண்டு மீன் தெரிஞ்சுது. பின்பக்கம் இருந்த எழுத்து மொத்தமா போயே போச்சு.

பல வருஷம் கழிச்சு அதை ஒரு பழங்காசு வியாபாரிகிட்ட காட்டினேன். மனுஷன் தலையில் கை வெச்சுட்டார். மீன் இருக்கிறதால பாண்டியர் காசுன்னு சொல்லலாமாம். அந்த எழுத்து இருந்திருந்தா எந்தப் பாண்டியன்னே சொல்லியிருக்கலாமாம். இப்போ அது வெறும் செம்புத் துண்டு.

நாணயம் சேர்க்கிறவங்க உலகத்தில் பழைய காசைத் தேய்க்கிறது மகா பாவம். அமெரிக்க ப்ரூஃப் செட் சேர்க்கிறவங்களைக் கேட்டா இன்னும் விவரமா சொல்வாங்க. ப்ரூஃப் நாணயம் புழக்கத்துக்கு வர்றது இல்லை. அச்சையும் தகட்டையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிச்சு, கண்ணாடி மாதிரி மின்ன வெச்சு, சேகரிப்பாளர்களுக்காகவே தயாரிக்கிறது. பிலடெல்பியா நாணயச்சாலை 1858 முதல் இதைப் பொதுமக்களுக்கே விற்க ஆரம்பிச்சுது. இதுக்கு 70 வரைக்கும் மார்க் உண்டு. ஒரு விரல் ரேகை பட்டாலும் மார்க் குறையும். நம்ம ஊருக்கும் இதில் பங்கு இருக்கு. சென்னை மாகாணத்துக்காக 1803-ல் இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலை அடிச்ச 20 காசு செப்பு நாணயத்துக்கும் ப்ரூஃப் உண்டு. இன்னைக்கும் ஏலத்துக்கு வருது.

ஆனா, இந்தப் பளபளப்பு மேலயெல்லாம் பெரிசா ஆசை இல்லாம, தேஞ்சுபோன, நசுங்கிப்போன தென்னிந்தியக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்த ஒருத்தர் இருந்தார். அவர்தான் சர் வால்டர் எலியட். நான் புளி போட்டு அழிச்ச எழுத்து மாதிரியான எழுத்துகளைப் படிக்கிறதில் கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்கச் செலவழிச்ச மனுஷன்.

ஸ்காட்லாந்தில் 1803-ல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குத் தேர்வாகி, 1821-ல் சென்னைக்கு வந்து இறங்கினப்போ வயசு 18. புதுசா வர்ற அதிகாரிகள் முதல்ல புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இந்திய மொழிகளைப் படிக்கணும். எலியட் தமிழும் இந்துஸ்தானியும் படிச்சார். சும்மா பாஸ் மார்க் இல்லை. அந்த ரெண்டு மொழிகளிலும் காட்டின திறமைக்காக அவருக்குக் கிடைச்ச பரிசு 1,000 வராகன்! ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய்னு கம்பெனி கணக்கு. அப்படின்னா 3,500 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

வராகன், பணம், காசு... நமக்கு இப்போ பணம்னாலும் காசுன்னாலும் ஒண்ணுதான். அப்போ அது மூணும் மூணு வேற நாணயம். 80 காசு சேர்ந்தா ஒரு பணம். 42 பணம் சேர்ந்தா ஒரு வராகன். வராகன்ங்கிற பேரே சாளுக்கியர்கள் பொன் காசில் பொறிச்ச பன்றி உருவத்திலிருந்து வந்தது. ஒரு பேருக்குள்ள ஒரு ராஜ வம்சமே ஒளிஞ்சிருக்கு பாருங்க! எலியட்டை இழுத்துப் பிடிச்சது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

1823-ல் சேலத்தில் உதவி கலெக்டர் வேலை. அங்கிருந்து தார்வாட் பக்கம் மாற்றல். அங்கேதான் உயிருக்கே ஆபத்து வந்தது. 1824 அக்டோபரில் கித்தூர் ராணி சென்னம்மாவின் படை, கம்பெனியின் அதிகாரி தாக்கரேயைச் சுட்டு வீழ்த்தியது. எலியட்டும் ஸ்டீவன்சன் என்ற இன்னொரு அதிகாரியும் சிறைபிடிக்கப்பட்டாங்க. டிசம்பர் தொடக்கத்தில்தான் விடுதலை. அந்த 21 வயசில் வேற யாரா இருந்தாலும் அடுத்த கப்பலைப் பிடிச்சு ஊருக்குப் போயிருப்பாங்க. இவர் அதே பகுதியில் தங்கி, கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளை நகலெடுக்க ஆரம்பிச்சார். கடைசியில் சேர்ந்தது 595 கல்வெட்டு நகல்கள். சாளுக்கிய அரசர்களின் வரிசை ஓரளவுக்குத் தெளிவானதில் இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

கல்வெட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். காசு அப்படி இல்லை. உழும்போது ஏர்முனையில் ஒரு பானை தட்டுப்படும். உள்ளே இருக்கிற காசு ஆசாரி பட்டறைக்குப் போகும். மறுநாள் அது தாலியாகவோ தோடாகவோ ஆகியிருக்கும். எந்த ராஜா, எந்தக் காலம் எல்லாம் உருகிப்போன மாதிரிதான். உருகுறதுக்கு முன்னாடி எவ்வளவு கைக்கு வருதோ அவ்வளவையும் பார்த்துப் பதிவு பண்ணணும். எலியட் செஞ்சது இதைத்தான். சென்னையில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் 1857, 58 வாக்கில் தன்னிடம் இருந்த நாணயங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அமெரிக்காவில் ப்ரூஃப் செட் விற்பனைக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதே சமயம்தான்.

காசு மட்டும்தான் அவர் ஆர்வம்னு நினைச்சுடாதீங்க. சார்லஸ் டார்வின் 1856-ல் புறா, கோழி வகைகள் கேட்டு இவருக்கு எழுதினார். இவரும் சென்னையிலிருந்து அனுப்பி வெச்சார். தென்னிந்தியக் காடுகளில் அணில் மாதிரி ஓடுற மர மூஞ்சூறு ஒண்ணு இருக்கு. அதன் அறிவியல் பெயரில் இன்னைக்கும் எலியட் இருக்கார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1845-ல் அமராவதி பௌத்த ஸ்தூபியைத் தோண்டியவர் இவர்தான். அங்கே எடுத்த சிற்பங்கள் சென்னையில் வருஷக்கணக்கில் வெயில்லயும் மழையிலயும் கிடந்தன. பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவை லண்டனுக்குப் போயிடுச்சு. இவர் பேரைச் சொல்லியே எலியட் மார்பிள்ஸ்னு அழைச்சாங்க. இப்போ அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு. எலியட் சேர்த்த நாணயங்களும் அங்கேதான். மனுஷனோட உழைப்பை எவ்வளவு மதிச்சாலும், இந்த இடத்தில் எனக்கு மனசு ஒட்டலை. மதுரைப் பாண்டியன் காசைப் பார்க்கிறதுக்கு விசா எடுக்கணும்னா எப்படி?

1860-ல் ஓய்வு. ஸ்காட்லாந்தில் உல்ஃப்லீ என்ற சொந்த ஊருக்குத் திரும்பினார். நாற்பது வருஷம் சேர்த்ததை எல்லாம் ஒழுங்குபடுத்திப் புத்தகமாக்கணும். நேரம் இருந்தது. ஆனா கண் போக ஆரம்பிச்சுது.

காசு படிக்கிறதுக்குக் கண்தான் எல்லாமே. கட்டை விரல் நகம் அளவு செம்பில், பாதி தேஞ்ச எழுத்து. லேசா சாய்ச்சுப் பிடிச்சு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, ஒரு நொடி தெரிஞ்சு மறையும். சோணாடு கொண்டான், எல்லாந்தலையானான்னு பாண்டியர் காசுகளில் வர்ற பட்டங்களை எல்லாம் அப்படித்தான் படிச்சாகணும். அந்தப் பார்வை கிட்டத்தட்ட முழுசாகவே போன நிலைமையில், பிறர் கண்ணையும் தன் ஞாபகத்தையும் நம்பி புத்தகத்தை முடிச்சார். தென்னிந்திய நாணயங்கள் பற்றிய அந்த நூல் 1886-ல் வெளிவந்தது. சேர, சோழ, பாண்டிய, பல்லவ, சாளுக்கியக் காசுகளை ஒரே இடத்தில் வெச்சுப் பேசின நூல். அப்போ அவருக்கு வயசு 83.

அடுத்த வருஷம் மார்ச் 1-ம் தேதி. காலையில் எலியட் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதினார். கீழே கையெழுத்து மட்டும் தன் கையாலேயே போட்டார். கடிதம் போனது ஜி.யு.போப்புக்கு. ஆமாம், நம்ம சாயர்புரத்தில் பள்ளி நடத்தின அதே போப்தான். அவருடைய திருக்குறள் பதிப்பு பற்றிய குறிப்பைப் பார்த்து மகிழ்ந்ததாகக் கடிதத்தில் சொல்லியிருந்தார் எலியட். அன்னைக்கு சாயங்காலமே அவர் இறந்துட்டார்.

1888-ல் லோவெந்தால் என்ற பாதிரியார், திருநெல்வேலிச் சீமையின் நாணயங்களுக்கென்றே தனியா ஒரு புத்தகம் போட்டார். தென்காசி அப்போ அந்தச் சீமைக்குள்ளதான் இருந்தது. அதில் இருக்கிற மீன் காசுகளோட என் காசை ஒப்பிட்டுப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. முன்பக்கத்துக்கு ஜோடி கிடைக்கலாம். பின்பக்கத்துக்கு ஆச்சி வீட்டுப் புளிதான் பதில் சொல்லணும்.