தாமஸ் கோரம்

தாமஸ் கோரம் (ஏறத்தாழ 1668 - மார்ச் 29, 1751) ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவரும் வணிகரும் அறப்பணியாளரும் ஆவார். இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்னும் காப்பகத்தை நிறுவியவர் இவரே. பெயரில் ஹாஸ்பிட்டல் என்று இருப்பினும் இது மருத்துவமனை அன்று. குழந்தைகளை வளர்க்கும் இல்லம் ஆகும். இவரது இறப்புக்குப் பின்னர் 1756இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இக்காப்பகத்துக்கு நிதி வழங்கத் தொடங்கியது.

இளமை

கோரம் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். 11ஆம் வயதில் கடற்பணிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் கப்பல் கட்டும் தொழிலைக் கற்று, 1690களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அத்தொழிலை நடத்தினார். 1700இல் பாஸ்டனைச் சேர்ந்த யூனிஸ் வெயிட் என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1704இல் இங்கிலாந்து திரும்பினார்.

காப்பகம் நிறுவுதல்

தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ராதர்ஹைத்தில் வாழ்ந்த கோரம், நகருக்கு நடந்து சென்றுவரும் வழியில் தெருவோரங்களில் கைவிடப்பட்ட குழந்தைகளைக் கண்டார். பாரிஸ் முதலிய நகரங்களில் இத்தகைய குழந்தைகளுக்கு இல்லங்கள் இருந்தன, இலண்டனில் இல்லை. இல்லம் அமைத்தால் முறைதவறிய உறவுகள் பெருகும் என்று பலர் எதிர்த்தனர். கோரம் 17 ஆண்டுகள் இடைவிடாது முயன்றார். உயர்குடி ஆடவர் தயங்கியபோது உயர்குடிப் பெண்களை அணுகி, 21 பேரின் கையொப்பம் பெற்றார். அக்டோபர் 17, 1739இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காப்பகத்துக்கான அரச பட்டயத்தில் கையொப்பமிட்டார்.

மார்ச் 25, 1741 இரவில் ஹாட்டன் கார்டனிலிருந்த ஒரு வீட்டில் முதல் 30 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். நன்கொடையை மட்டுமே நம்பியிருந்ததால் வந்த குழந்தைகள் அனைவரையும் ஏற்க இயலவில்லை. எனவே 1742இல் குலுக்கல் முறை கொண்டுவரப்பட்டது. தாய் ஒரு பையிலிருந்து பந்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து எனில் உடற்சோதனைக்குப் பின் குழந்தைக்கு இடம் உண்டு. சிவப்பு எனில் காத்திருக்க வேண்டும். கறுப்பு எனில் திரும்பிச் செல்ல வேண்டும்.

இறுதிக் காலம்

கருத்து வேறுபாடுகளால் 1742இல் கோரம் நிர்வாகக் குழுவில் தம் இடத்தை இழந்தார். மனைவியும் 1740இல் காலமாகியிருந்தார். தமக்கெனப் பொருள் சேர்க்காத அவர், இறுதியில் நண்பர்கள் திரட்டிய உதவித்தொகையில் வாழ்ந்தார். அவரது உடல் காப்பகத்தின் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நாடாளுமன்ற நிதியுதவி

1756இல் நாடாளுமன்றம் 10,000 பவுண்டு வழங்கியது. கொண்டுவரப்படும் கைக்குழந்தைகள் அனைவரையும் ஏற்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. சூன் 2, 1756 அன்று, முதல் நாளிலேயே 117 குழந்தைகள் வந்தனர். ஏழைகளைப் பேணும் சட்டப் பொறுப்பு அந்தந்தத் திருச்சபை வட்டாரங்களுக்கு இருந்தது. அவற்றுள் சில, தம் செலவைக் குறைக்கக் குழந்தைகளை இங்கு அனுப்பின. தொலைவிலிருந்து கூலிக்கு எடுத்துவரப்பட்ட பல குழந்தைகள் வழியிலேயே இறந்தன. பாலூட்டும் செவிலியர் போதவில்லை. ஆக்வொர்த், ஷ்ரூஸ்பரி முதலிய இடங்களில் கிளைகள் திறக்கப்பட்டும் நிலைமை சீரடையவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குழந்தைகளின் எண்ணிக்கைக்கு வரம்பின்றி நிதி வழங்கிய நாடாளுமன்றம், செலவும் இறப்பும் பெருகியதைக் கண்டு 1760இல் பொதுச் சேர்க்கையை நிறுத்தியது. முன்னரே சேர்க்கப்பட்டவர்களின் பராமரிப்புக்கு மட்டும் 1771 வரை நிதி தொடர்ந்தது. அதன்பின் காப்பகம் மீண்டும் நன்கொடையையே சார்ந்து, குறைந்த எண்ணிக்கையில் குழந்தைகளை ஏற்றது.

நினைவுகள்

ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1740இல் கோரமின் உருவப்படத்தை வரைந்தார். இசையமைப்பாளர் ஹாண்டல் 1750 முதல் தம் மெசையா இசைப்படைப்பைக் காப்பகத்தின் நிதிக்காக நிகழ்த்தினார். காப்பகம் 1926இல் இலண்டனை விட்டு வெளியேறியது. அது இருந்த இடத்தின் ஒரு பகுதி, கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்னும் சிறுவர் விளையாட்டுத் திடலாக உள்ளது. குழந்தையுடன் வரும் பெரியவர்களுக்கு மட்டுமே அங்கு அனுமதி உண்டு. காப்பகத்தின் பணி கோரம் என்னும் அறநிறுவனத்தின் வழியாகத் தொடர்கிறது.