காளானை வரைந்த கதாசிரியை

முயல் பீட்டரின் கதையைத் தந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரை நாம் அறிவோம். அவர் காளான்களை ஆராய்ந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1866-இல் இலண்டனில் பிறந்த அவர் பள்ளிக்குச் சென்றதில்லை, வீட்டிலேயே கற்றார். காளான்களைத் தேடித் தேடி வரைந்தார். லைக்கன்களையும் விடவில்லை. பூஞ்சை பாறையைப் பற்றிக்கொள்ள, உடன் வாழும் பாசி வெயிலில் உணவு தயாரிக்கும் கூட்டுவாழ்வே லைக்கன்.

காளானின் ஸ்போர்களை முளைக்கவைத்து, நுண்ணோக்கியில் கண்டதைக் கட்டுரையாக்கினார். 1897-இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் அது அளிக்கப்பட்டபோது அவர் அங்கில்லை. பெண்களுக்கு அங்கே இடமில்லை! கட்டுரை அச்சேறவுமில்லை.

ஆயினும் அவரது உழைப்பு வீணாகவில்லை. 1943-இல் அவர் மறைந்தார். 1967-இல் வெளிவந்த காளான் நூலொன்றை அவருடைய ஓவியங்களே அலங்கரித்தன.

அவருக்கு அடைபட்ட கதவு இன்று நமக்குத் திறந்திருக்கிறது. நுழையத் தயங்கலாமா, தோழியரே?