உடல் தளர்ந்தாலும் கண்கள் தளராத நோய்: யார் இந்த டூஷேன்?

மரபணுக் குறைபாட்டால் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக பலமிழப்பதுதான் தசைச் சிதைவு நோய். இதில் சிறுவர்களை அதிகம் தாக்கும் வகைக்கு 'டூஷேன்' என்று பெயர். யார் அவர்? இந்த நோய் வந்தவர்களுக்குக் கண் பரிசோதனை ஏன் செய்கிறார்கள்? பார்க்கலாம் வாங்க.

கடலோர ஊர்க்காரர்

கியோம் டூஷேன் 1806இல் பிரான்சின் பூலோன் துறைமுக நகரில் பிறந்தார். தலைமுறைகளாகக் கடலோடிய குடும்பம். மகனும் கப்பலேறட்டும் என்று அப்பா ஆசைப்பட, அவரோ பாரிஸ் போய் மருத்துவம் படித்தார். ஊர் திரும்பி வேலை பார்த்தபோது, பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்தார். குழந்தை எமில் மாமியார் வீட்டில் வளர்ந்தான்.

1842இல் மீண்டும் பாரிஸ். எந்த மருத்துவமனையிலும் பதவி கிடையாது. கையில் ஒரு சிறிய மின்கருவி மட்டும்தான். அதைத் தூக்கிக்கொண்டு சால்பெத்ரியேர் உள்ளிட்ட மருத்துவமனைகளில் வார்டு வார்டாகச் சுற்றினார். தோல் மீது மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை என்ன வேலை செய்கிறது என்று குறித்துவைத்தார். உதடு மட்டும் சிரித்தால் போலிச் சிரிப்பு, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கினால் நிஜச் சிரிப்பு என்று 1862இல் புகைப்படங்களோடு காட்டியதும் இவர்தான்.

நோய்க்குப் பெயர் வந்த கதை

கெண்டைக்கால் பார்க்கத் தடிமனாக இருக்கும். ஆனால் சிறுவனால் எழுந்து நிற்கவே முடியாது. 1868இல் இப்படிப்பட்ட 13 நோயாளிகளைப் பற்றி டூஷேன் விரிவாக எழுதினார். தானே வடிவமைத்த ஊசியால், உயிரோடிருப்பவர்களின் தசையில் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் நாரும் இருந்தன. இவருக்கு முன்பே இங்கிலாந்தின் எட்வர்ட் மெரியன் இதே நோயை விவரித்திருந்தாலும், நிலைத்தது டூஷேன் பெயர்தான்.

கண் பரிசோதனை எதற்கு?

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. டூஷேன் நோயில் கை, கால், மூச்சுத் தசைகள் தளர்ந்தாலும் இந்த ஆறும் பெரும்பாலும் தப்பித்துவிடும். கண் தசை நார்களின் அமைப்பே வேறு. கால்சியத்தைச் சமாளிக்கும் திறனும் அவற்றுக்கு அதிகம்.

ஆனால் எல்லா வகையிலும் இப்படி இல்லை. கண்-தொண்டை தசைச் சிதைவில் நடுத்தர வயதுக்குப் பிறகு இமை தொங்கும், விழுங்கச் சிரமமாகும். மயோடோனிக் வகையிலும் இமை தொங்கலாம். பார்வை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவும் வேகம் குறையலாம். அதனால்தான் மருத்துவர் தலையை அசைக்காமல் தன் விரலைப் பார்வையால் மட்டும் பின்தொடரச் சொல்கிறார். இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் அளக்கிறார். எந்த வகை நோய் என்று பிரித்தறிய இது ஒரு முக்கியத் தடயம். உறுதி செய்வது மரபணுப் பரிசோதனைதான்.

கடைசி வரை

மருத்துவரான மகன் எமில் பிற்காலத்தில் தந்தையோடு சேர்ந்தார். டைபாய்டு அவரையும் கொண்டுபோனது. 1875இல் மூளை ரத்தக்கசிவால் டூஷேன் காலமானார். இந்த நோயில் குறைவது டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் என்று தெரியவர 1987 ஆனது.

முழுக் குணம் தரும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் விரலை அசைக்க முடியாத இளைஞர்கள் கூட, பார்வையைப் பின்தொடரும் கணினிகள் மூலம் எழுதவும் பேசவும் முடிகிறது. டூஷேன் பெயர் தாங்கிய நோய் விட்டுவைத்த அந்த ஆறு தசைகள்தான் அதற்கு உதவுகின்றன.