தன் உடம்பில் ஊசி குத்திக்கொண்ட ஹாப்கின்!

பம்பாயில் பிளேக் நோயைத் தடுக்கும் ஊசி மருந்து தயாராகிவிட்டது. அதை முதலில் யாருக்குப் போடுவது?

மருந்தைச் செய்தவரே முன்வந்தார்! 1897 ஜனவரி 10-ந் தேதி அதைத் தனக்குப் போட்டுக்கொண்டார். பின்னாளில் பிறருக்குப் போட்டதைவிட மும்மடங்கு மருந்து. கடுமையான காய்ச்சல் அடித்தது. ஆனால் எழுந்துவிட்டார்.

அவர் பெயர் வால்டெமார் ஹாப்கின். ஒடெஸ்ஸா நகரில் 1860-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிசில், பாஸ்டர் நிலையத்தில் காலராவுக்கு ஊசி கண்டுபிடித்தார். 1892-இல் அதையும் தன் உடம்பிலேதான் முதலில் சோதித்தார். மறு ஆண்டு கல்கத்தாவுக்கு வந்து, சேரிகளில் ஊசி போட்டார்.

1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். சர்க்கார் ஆட்கள் வீடு புகுந்து நோயாளிகளை இழுத்துப் போனார்கள். அப்படிப்பட்ட சர்க்காரின் ஊசியை யார் நம்புவார்கள்?

பைக்குல்லா சிறையில் சோதனை நடந்தது. விரும்பிய கைதிகளுக்கு மட்டும் ஊசி. ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டது. 6 பேர் மாண்டனர். போட்டவர்களில் 2 பேருக்கே நோய், சாவு இல்லை. (ஊசி போட்ட அன்றே நோயாக இருந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.)

ஆகாகான் ஜனங்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து அவர் சமூகத்தார் ஆயிரக்கணக்கில் வந்தனர்.

காய்ச்சல் வந்தால் கூலி போகுமே என்ற கணக்கு அன்றும் இருந்தது. 2021-இல் கொரோனா ஊசியின்போது ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி தொழிலாளர் குடும்பங்களுக்கும் அது புதிதல்ல. அது நியாயமான கணக்குதான். அடுப்பு எரிய வேண்டுமல்லவா?

பிறகு வந்தது பேரிடி.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மல்கோவால் கிராமம். 107 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு இறந்தார்கள். நோய்க்குப் பயந்து போட்ட ஊசியே எமனாயிற்று! அதன்பின் ஊசி வேண்டாமென்று பிள்ளையை ஒளித்த தாயை எப்படிக் குறை சொல்வது?

பழி ஹாப்கின் மேல் விழுந்தது. வேலை போயிற்று. ஆனால் அந்தப் புட்டியைத் திறந்த இடுக்கி, கிராமத்தில் தரையில் விழுந்திருந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே எடுத்துத் திறந்திருந்தார்கள். மற்றப் புட்டிகளால் யாருக்கும் தீங்கு இல்லை.

மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்ட ரொனால்டு ராஸ் முதலிய விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினர். 1907-இல் பழி நீங்கியது. மீண்டும் கல்கத்தாவுக்கு வந்து வேலை பார்த்தார்.

1925-இல் பம்பாய்ச் சோதனைச்சாலைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஐந்து ஆண்டுக்குப்பின் சுவிட்சர்லாந்தில், லோசான் நகரில் காலமானார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.