கர்னல் பென்னிகுவிக்

மறைந்த பெரியோரின் வரலாற்றை நமக்குத் தருவன இரண்டு. ஒன்று ஏடு, மற்றொன்று வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழி. இவ்விரண்டிலும் வாழ்ந்துவரும் ஒருவரைப் பற்றி மாணவத் தோழர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன். அவர், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்.

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனாவில் பிறந்தார். அவர் தந்தை ஒரு படைத்தலைவர். 1849இல் சிலியன்வாலாப் போர்க்களத்தில் தந்தையும் பதினேழு வயதுத் தமையனும் ஒரே நாளில் மாண்டனர். சிறுவனுக்கு எட்டு வயது நிறைய அன்று இன்னும் இரண்டு நாள் இருந்தது. பின்னர் அவர் இங்கிலாந்தில் அடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியில் பயின்று, 1860இல் பொறியாளராக இந்தியா வந்தார்.

அக்காலத்தில் மதுரை, இராமநாதபுரச் சீமைகள் வறட்சியால் அடிக்கடி வாடின. மலைக்கு அப்பாலோ பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் புதிதன்று. 1789இலேயே இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு வழி காண ஆள் அனுப்பினார். 1882இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. மறு ஆண்டு வேலை தொடங்கியது.

அடர்ந்த காடு, ஓயாத மழை, காய்ச்சலும் காலராவும் வேறு. ஆற்றில் போட்ட தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் போட்டனர். கருங்கல், சுண்ணாம்பு, செங்கற்பொடியாகிய சுர்க்கி ஆகியவற்றால் 176 அடி உயரத்திற்கு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டினர். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். தாயகம் திரும்பிய பென்னிகுவிக், கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைமை தாங்கினார். 1911 மார்ச்சு 9ஆம் நாள் கேம்பர்லியில் காலமானார்.

இது ஏட்டு வரலாறு. வீட்டு வரலாறு இதனின் சற்று வேறுபட்டது. என் அம்மாச்சி கம்பத்தில் பிறந்து, குமுளிப் பக்கம் ஏலத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். வெள்ளம் வேலையை அழித்தபின் அரசாங்கம் கைவிரித்தது, துரை சீமைக்குச் சென்று சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று வந்து அணையை முடித்தார் என்று அவர் சொல்வார். கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். அவ்வீடுகளில் துரையின் படம் மாட்டப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரும் உண்டு. அவர் பிறந்த நாளில் பொங்கல் வைப்பாரும் உளர். லோயர் கேம்பில் மணிமண்டபம் எழுந்தது 2013இல்தான். அதுவரை அவர் நினைவைக் காத்தவர்கள் இத்தகைய பாட்டிமாரே.

ஆனால், அணை வேலையில் உடனிருந்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் வெளியிட்ட நூல், செலவை அரசாங்கத்தின் செலவாகவே காட்டுகிறது. சொத்து விற்றதற்கு எழுத்துச் சான்றினை ஆராய்ந்தோர் காணவில்லை. அதனால் அம்மாச்சியின் கதையைத் தள்ளிவிடலாமா? கூடாது. தரிசாய்க் கிடந்த காட்டில் நெல் விளைந்ததைக் கண்ட மக்களின் நன்றி அதில் இருக்கிறது. மேலும், கதையின் கடைசியில் அவர் இன்னொன்று சொல்வார். அவருடைய பாட்டனார் அணைக்குச் சுண்ணாம்பு சுமந்தாராம்; உடன் சென்ற தம்பி காய்ச்சலில் இறந்து, திரும்பி வரவே இல்லையாம். அந்தத் தம்பியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அம்மாச்சியின் நினைவில் மட்டுமே இருந்தது. அதை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

தோழர்களே! நம்மில் பலர் பிழைப்புக்காக மலை ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள். ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். சொன்னவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறியுங்கள். கேட்டதைக் கேட்டபடி ஒரு பக்கத்திலும், ஏட்டில் கண்டதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். பென்னிகுவிக்குக்கு மண்டபம் உண்டு. அவரோடு கல் சுமந்தவர்களுக்கு நாம் எழுதும் அந்தப் பக்கம்தான் உண்டு.