டிக்கெட் எடுக்காமலே டிஸ்னி வேர்ல்டு... வால்ட் டிஸ்னி பார்க்காமல் போன இடம்!

புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் ரூம் போட்டாச்சு. பார்க் டிக்கெட் விலையைப் பார்த்ததும் தலை சுத்துதா? டிக்கெட் இல்லாமலும் அங்கே ஒரு நாளை ஜாலியாகக் கழிக்கலாம். அது சாத்தியமானது வால்ட் டிஸ்னி பட்ட ஒரு பாடத்தால்.

1901-ல் சிகாகோவில் பிறந்தவர் வால்ட். லாஸ் ஏஞ்சலீஸ் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் குடை ராட்டினம் சுற்ற, இவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். பெரியவர்களும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது. 1955-ல் டிஸ்னிலேண்டைத் திறந்தார். ஆனால் கையில் காசில்லை. டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக்கூட வேறொருவர்தான் கட்டினார். சுற்றிலும் மோட்டல்கள் முளைத்தன.

அடுத்த முறை உஷாரானார். வேறு கம்பெனிகளின் பெயரில், புளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கரை ரகசியமாக வாங்கினார். பூங்கா, ஹோட்டல், மோனோரயில் எல்லாமே ஒரே இடத்தில் என்பது திட்டம். ஆனால் 1966 டிசம்பரில், 65 வயதில், நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

ஓய்வைத் தள்ளிப்போட்டு வேலையை முடித்தவர் அண்ணன் ராய். 1971 அக்டோபர் 1-ல் திறந்த அந்த இடத்துக்குத் தம்பியின் முழுப் பெயரையே வைத்தார். அதே டிசம்பரில் அவரும் காலமானார்.

கன்டெம்பரரி ஹோட்டலுக்குள்ளேயே புகுந்து போகும் மோனோரயிலுக்கு இன்றும் கட்டணம் கிடையாது. பாலினேசியன் ஹோட்டலின் ஏரிக்கரை மணலில் உட்கார்ந்தால் இரவு வாணவேடிக்கை தெரியும். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. பிள்ளைகளோடு நீங்களும் சேர்ந்தே சுத்தலாம்!