பட்டுப்பூச்சிக்கு மருத்துவர் லூயி பாஸ்டர்

வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்ற அளவிலேயே லூயி பாஸ்டரை நம் பிள்ளைகள் அறிவர். பள்ளியில் நாமும் அவ்வளவே கற்பித்து வந்தோம். பட்டுத்தறியை நம்பி வாழும் நம் குடும்பங்களுக்கு அவர் செய்த வேறோர் உபகாரம் உண்டு. அதனை ஈண்டுக் கூறுவாம்.

இவர் 1822ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு டோல் நகரில், தோல் பதனிடும் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தனர். இவரது கல்வியும் புளிப்பு பற்றிய ஆராய்ச்சியும் கூறப்புகின் விரியுமாதலின் விடுக்கின்றாம். அந்நாட்டின் தெற்கே செவென் மலைச்சாரலில் முசுக்கட்டை வளர்த்துப் பட்டுப்புழுப் பேணுதலே பல குடிகளின் சீவனம். 1853இல் 2 கோடியே 60 லட்சம் கிலோ கூடு விளைந்த நாட்டில், 1865இல் 40 லட்சமே விளைந்தது. மிளகுத்தூள் தூவினாற்போலப் புழுவின் உடலிற் கரும்புள்ளி தோன்றும். கூடு கட்டுமுன்னரே புழு மடியும். இத்தாலி முதலிய நாடுகளில் விதைமுட்டை தேடினர். நோய் அங்கும் பரவியது. ஜப்பான் முட்டையே நெடுநாள் குற்றமற்றிருந்தது.

ஆசிரியர் தூமா வேண்ட, 1865இல் பாஸ்டர் அலே நகர் சென்றார். பட்டுப்புழுவை அதுவரை அவர் தொட்டறியார். பூச்சிநூல் வல்ல ஃபாபரிடம் ஒரு கூட்டை வாங்கிக் காதருகே குலுக்கி, உள்ளே ஏதேனும் உண்டோ என வினவினாராம்! அறியாமையை மறையாது கேட்ட அவ்வடக்கம் நமக்குப் பெருவியப்பாகின்றது.

அவ்வாண்டே தந்தை இறந்தார். இரண்டு வயது மகளும் இறந்தாள். மறு ஆண்டு, பன்னிரண்டு வயது மகளொருத்தியைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மூத்த மகளை 1859லேயே இழந்தவர் அவர். புதல்வியரைப் புதைத்துவிட்டுப் புழுக்களிடம் மீண்ட அந்நெஞ்சினை என்னென்பது!

நோயுற்ற புழுவிற் கண்ட நுண்மணிகளை நோயின் விளைவென்றே அவர் முதலிற் பிறழக் கொண்டார். பின்னர் அவையே காரணமெனத் தெளிந்து திருத்திக்கொண்டார். தாயின் நோய் முட்டை வழியே சேய்க்குச் செல்வதால், ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனியே முட்டையிடுவித்து, பின் அதனை நீர்விட்டு அரைத்து நுண்காட்டியில் நோக்குக; மணி காணின் அம்முட்டைகளை எரித்துவிடுக என்று விதித்தார். புழுவின் குடலைப் பற்றும் மற்றொரு நோயையும் பிரித்தறிந்தார்.

1868 அக்டோபரில் வாதநோய் தாக்கி இடப்பக்கம் செயலற்றது. ஆயினும் ஆய்வை விட்டாரல்லர். 1870இல் பட்டுப்புழு நோய் பற்றிய நூலை வெளியிட்டார். 1895இல் இறந்தார்.

காஞ்சித் தறிகளுக்குப் பெரிதும் கருநாடகப் பட்டுநூலே வருகின்றது. அங்குள்ள விதைக்கூடங்களிலும் நம் ஓசூர்ப் பக்கத்திலும் தாய்ப்பூச்சியை அரைத்து நுண்காட்டியில் நோக்கிய பின்னரே இன்றும் முட்டையைக் குடியானவர்க்குக் கொடுக்கின்றனர்.